கிறிஸ்து பிறப்பின் பகுதிகளை வைத்து ஜெபிப்பது எப்படி?

டிசம்பர் 1 ஆம் தேதி லூக்கா முதல் அதிகாரம், 2 ஆம் தேதி இரண்டாம் அதிகாரம் என்று நாளுக்கு ஓர் அதிகாரமாக 24 ஆம் தேதி வரை வாசிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. லூக்காவில் சரியாக 24 அதிகாரங்கள் இருப்பதால் கணக்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. வாசிப்புக்கு அது நல்ல முறைதான். ஜெபத்துக்கு அவ்வளவாக உதவாது. கிறிஸ்துவின் பிறப்பு இரண்டாம் தேதியே முடிந்துபோகும். கிறிஸ்மஸுக்கு முந்தின இரவில் நாம் உயிர்த்தெழுதலை வாசித்துக்கொண்டிருப்போம்.

ஜெபத்துக்கென்று வந்தால் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களிலேயே பல வாரம் தங்கலாம். அங்கே ஏறக்குறைய எல்லாருமே ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசாரியனான சகரியா ஆலயத்தின் உள்ளே தூபங்காட்டும்போது ஜனங்கள் வெளியே ஜெபத்தில் இருக்கிறார்கள் (1:10). தூதன் கொண்டுவரும் முதல் செய்தியே "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்பதுதான் (1:13). மரியாள் பாடுகிறாள், சகரியா பாடுகிறான், மேய்ப்பர்கள் தேவனைத் துதித்துக்கொண்டே திரும்பிப் போகிறார்கள், சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி ஸ்தோத்திரிக்கிறான், 84 வயதான அன்னாள் இரவும் பகலும் உபவாசத்தோடும் ஜெபத்தோடும் ஆலயத்தைவிட்டு நீங்காமல் இருக்கிறாள். ஜெபிக்க வார்த்தை தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை. அவர்கள் ஜெபத்துக்குள் நாமும் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும்.

பகுதிகளைப் பிரித்துக்கொள்வது

மொத்தம் 12 பகுதிகள்.

டிசம்பர் 1 முதல் 24 வரை ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள்: மத்தேயு 1:1-17, லூக்கா 1:5-25, லூக்கா 1:26-38, மத்தேயு 1:18-25, லூக்கா 1:39-56, லூக்கா 1:57-80.

டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 வரை ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள்: லூக்கா 2:1-7, லூக்கா 2:8-20, லூக்கா 2:21-40, மத்தேயு 2:1-12, மத்தேயு 2:13-23, யோவான் 1:1-18.

காத்திருப்புக்கு நான்கு நாள், நிறைவேறுதலுக்கு இரண்டே நாளா என்று கேட்கலாம். லூக்காவே அப்படித்தான் எழுதியிருக்கிறார். நான்கு வசன முன்னுரை போக, முதல் அதிகாரம் முழுவதும் காத்திருப்பைப் பற்றியது. பிறப்பைச் சொல்ல அவர் எடுத்துக்கொள்வது ஒரே வசனம் (2:7). காத்திருப்பை அவசரமாகத் தாண்டி வந்தவருக்கு அந்த ஒரு வசனத்தில் ஒன்றும் பிடிபடாது.

தேதிகளை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வேதத்தில் பிறந்த நாள் சொல்லப்படவில்லை. டிசம்பர் 25 என்ற குறிப்பு ரோமில் தென்படுவதே 354 ஆம் ஆண்டின் நாட்காட்டித் தொகுப்பில்தான். ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7 அன்று கொண்டாடும் சபையினர் எல்லாத் தேதியையும் 13 நாள் தள்ளி வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். டிசம்பர் 13 இல்தான் நினைவு வந்தது என்றால் முதல் ஆறு பகுதிகளுக்கும் இரண்டிரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா. வேதாகமம் அச்சிட்டதாக இருப்பது நல்லது. கைபேசியில் வாசிக்கத் தொடங்கினால் ஏழாம் வசனத்தில் யாராவது செய்தி அனுப்பியிருப்பார்கள். இங்கே தரும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. பொது மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர்களுக்கும் வசன எண் அதேதான், சொல்தான் மாறும்: முன்னணை என்பது அங்கே தீவனத் தொட்டி. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் பழகித் தேய்ந்த சொல் திரும்பவும் காதில் விழும்.

ஒரு நாள் ஜெபம், நிமிடக் கணக்கோடு

லூக்கா 1:26-38 ஐ எடுத்துக்கொள்வோம். 13 வசனங்கள். 15 நிமிடம் போதும்.

முதல் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். கண்ணை மூடுவதும் மூடாததும் உங்கள் விருப்பம். தொடங்குவதற்கு ஒரே வாக்கியம்: "கர்த்தாவே, சொல்லும், அடியேன் கேட்கிறேன்." சிறுவன் சாமுவேலுக்கு ஏலி கற்றுக்கொடுத்தது அது. அதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

அடுத்த நான்கு நிமிடம் பகுதியை இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். முதல் முறை நிற்காமல். இரண்டாம் முறை, எந்தச் சொல் இழுக்கிறதோ அங்கே நின்று. வாய்விட்டு வாசிப்பது முக்கியம். கண் மட்டும் வாசித்தால், தெரிந்த கதைதானே என்று மனம் ஐந்து வசனம் முன்னால் போய் நின்றுகொள்ளும். நாக்கு வாசிக்கும்போது அப்படித் தாவ முடியாது.

பிறகு நான்கு நிமிடம் அந்தச் சொல்லோடு இருங்கள். இந்தப் பகுதியில் நின்று பார்க்கவேண்டிய ஓர் இடம், மரியாள் பதில் சொல்லும் விதம். தூதன் வாழ்த்தினதும் அவள் கலங்குகிறாள், இந்த வாழ்த்துதல் எப்படிப்பட்டதோ என்று சிந்திக்கிறாள் (1:29). வாய் திறக்கவில்லை. பிறகு கேட்கிறாள்: "இது எப்படியாகும்?" (1:34). கடைசியில்தான், "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" (1:38). கலக்கம், கேள்வி, ஒப்புக்கொடுத்தல் என்று மூன்று படி. நம்மில் பலர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் குதித்துவிடுகிறோம். "உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று வாய் சொல்லும், மனம் இன்னும் கலக்கத்திலேயே நிற்கும். எது உங்களைக் கலங்கவைக்கிறது என்பதை முதலில் பெயரிட்டுச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்.

அடுத்த நான்கு நிமிடம் சொந்த வார்த்தையில் ஜெபம். சத்தமாகச் சொல்லுங்கள், முடிந்ததும் அதில் மூன்று வரியை நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். மூன்று வரிக்கு மேல் எழுதினால் ஜெபம் கட்டுரையாகிவிடும்.

கடைசி ஒரு நிமிடத்தில் கர்த்தருடைய ஜெபம். நம் ஜெபம் எங்கே கோணலாகப் போயிருந்தாலும் அது நேராக்கிவிடும். "எங்களுக்கு", "எங்கள்" என்றுதான் அந்த ஜெபம் பேசுகிறது. "எனக்கு" என்று ஓரிடத்திலும் இல்லை.

இதே பகுதிக்கு உள்ள மற்ற நாட்களில் வேலையை மாற்றிக்கொள்ளலாம். முதல் நாள் வாசிப்புக்கு அதிக நேரம். இரண்டாம் நாள் கேள்விகளுக்கு. மூன்றாம் நாள் சொந்தத் தேவைகளுக்கு. நான்காம் நாள் முழுவதும் பிறருக்காக. நான்காம் நாளைத் தவறவிடாதீர்கள். வருகிற செய்தி நமக்கானது மட்டும் என்று நினைக்கிற பழக்கம் அன்றைக்குத்தான் உடையும். மரியாளும் செய்தி கேட்டவுடன் தீவிரமாய்ப் புறப்பட்டு எலிசபெத்தின் வீட்டுக்குத்தானே போனாள்?

சகரியாவின் கேள்வியும் மரியாளின் கேள்வியும்

இதில் பலர் இடறுகிறார்கள். பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னபோது சகரியாவும் கேட்டான், மரியாளும் கேட்டாள். அவன் ஊமையானான், அவளுக்கு விளக்கம் கிடைத்தது. இது என்ன நியாயம்?

கேள்வியைக் கூர்ந்து பாருங்கள். சகரியா, "இதை நான் எதினால் அறிவேன்?" என்கிறான் (1:18). நம்புவதற்கு அத்தாட்சி வேண்டும் என்பது அதன் பொருள். மரியாள், "இது எப்படியாகும்?" என்கிறாள். நடக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, வழியைக் கேட்கிறாள். அவளுக்குக் கிடைத்த பதில்: "பரிசுத்த ஆவி உன்மேல் வரும், உன்னதமானவருடைய பலம் உன்மேல் நிழலிடும்" (1:35). நிழலிடுதல் என்பதற்கு லூக்கா எழுதிய கிரேக்க வினைச்சொல், யாத்திராகமம் 40:35 இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் மேகம் தங்கியதைச் சொல்லும் அதே சொல். தேவன் தங்கும் கூடாரமாக ஒரு பெண் ஆகிறாள். யோவான் 1:14 இல் "நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று நாம் வாசிப்பதும் மூலத்தில் கூடாரமிட்டுத் தங்குவதைச் சொல்லும் சொல்தான். ஜனவரி 4 அன்று யோவானுக்கு வரும்போது இதை நினைவில் வைத்திருந்தால் இரண்டு பகுதிகளும் தாமாகக் கைகோத்துக்கொள்ளும்.

இதைச் செய்முறையாக்குவது எளிது. உங்கள் ஜெபத்தில் இருக்கும் கேள்வியை நோட்டில் எழுதுங்கள். அது "எதினால் அறிவேன்" வகையா, "எப்படியாகும்" வகையா என்று பாருங்கள். முதல் வகையாக இருந்தால் அதற்காக ஒடிந்துபோக வேண்டாம். சகரியாவின் அவிசுவாசத்துக்காக வாக்குத்தத்தம் ரத்தாகவில்லை, பிள்ளை பிறந்தது. அவனுக்குக் கிடைத்தது பல மாத மௌனம். அது முடிந்து வாய் திறந்தபோது முதலில் வந்தது முறையீடு அல்ல, ஸ்தோத்திரம் (1:64).

காலை, மாலை, இரவு

பதினைந்து நிமிடம் கிடைக்காத நாட்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, திருச்சபை மிக நீண்ட காலமாக நடந்து தேய்த்த வழி. லூக்காவின் மூன்று பாட்டுகளை நாளின் மூன்று வேளைக்கு வைத்துக்கொள்வது. மேற்கத்திய மரபில் சகரியாவின் பாட்டு (1:68-79, பெனடிக்டுஸ்) காலை ஜெபத்துக்கு, மரியாளின் பாட்டு (1:46-55, மாக்னிஃபிகாத்) மாலை ஜெபத்துக்கு, சிமியோனின் பாட்டு (2:29-32, நுங்க் திமித்திஸ்) இரவு ஜெபத்துக்கு. ஆங்கிலிக்கன் மாலை ஆராதனையில் பின்னவை இரண்டும் சேர்ந்தே வரும். கிழக்கத்திய மரபில் மரியாளின் பாட்டைக் காலையில் பாடுகிறார்கள். ஆகவே வேளை மாறினால் தவறு ஒன்றுமில்லை.

மேற்கத்திய ஒழுங்குக்கும் ஒரு பொருத்தம் உண்டு. சகரியாவின் பாட்டு "உன்னதத்திலிருந்து தோன்றிய அருணோதயம்" என்று விடியலைப் பேசுகிறது; அன்றைக்கு நடக்கப்போகிற கால்களைச் சமாதானத்தின் வழியிலே நடத்தக் கேட்கிறது. சிமியோன், "ஆண்டவரே, உமது வார்த்தையின்படி உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்" என்கிறான். படுக்கப்போகும்போது சொல்ல இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடைப்பது அரிது. நாள் முடிந்தது, வேலை முடியவில்லை, ஆனாலும் கையிலிருப்பதை விட்டுவிடலாம்.

மூன்றையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்யப் பார்த்து முதல் வாரத்திலேயே கைவிடுபவர்கள் அதிகம். சிமியோனில் தொடங்குங்கள், நான்கே வசனம். நாளுக்கு ஒரு வசனமாக நான்கு இரவில் வந்துவிடும். அடுத்து மரியாளின் பத்து வசனம். சகரியாவின் பன்னிரண்டு வசனத்தைக் கடைசிக்கு வையுங்கள். வாக்கியங்கள் நீளமானவை, மூச்சு பிடிக்கப் பழகவேண்டும்.

மரியாளின் பாட்டிலிருந்து சொந்த ஜெபம்

இந்தப் பத்து வசனத்தில் ஜெபத்தின் கட்டுமானம் தெளிவாகத் தெரியும். தொடக்கம் முழுவதும் "என்": என் ஆத்துமா, என் ஆவி, என் இரட்சகர். 50 ஆம் வசனத்தில் அவருக்குப் பயந்திருக்கிறவர்கள் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். 51 முதல் 53 வரை உலகம்: அகந்தையுள்ளவர்கள், பலவான்கள், தாழ்மையானவர்கள், பசியுள்ளவர்கள், ஐசுவரியமுள்ளவர்கள். கடைசி இரண்டு வசனத்தில் ஆபிரகாம் வரை பின்னோக்கிப் போய்விடுகிறது. தன்னில் தொடங்கித் தன்னிலேயே முடியாத ஜெபம் இது.

இன்னொன்று. எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கிறது: தள்ளினார், உயர்த்தினார், அனுப்பிவிட்டார். ஏரோது இன்னும் சிங்காசனத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். பசியுள்ளவர்கள் இன்னும் பசியோடுதான் இருக்கிறார்கள். ஆனாலும் நடந்து முடிந்ததாகவே பாடுகிறாள். இந்தத் துணிச்சல் அவளாகக் கண்டுபிடித்ததல்ல. 1 சாமுவேல் 2 இல் சாமுவேலின் தாய் அன்னாள் பாடிய பாட்டின் சொற்கள் அவள் பாட்டெங்கும் கேட்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை வாசியுங்கள். மனதில் ஏற்கெனவே பதிந்த வேதவார்த்தைதான் அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்பது புரியும்.

இதிலிருந்து சொந்தமாகச் சிறு ஜெபம் எழுத, பழைய ஆராதனை முறைகளில் வரும் ஐந்து உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம். தேவனை அழைப்பது, அவர் செய்த ஒன்றைச் சொல்வது, ஒரே ஒரு விண்ணப்பம், அதன் நோக்கம், கிறிஸ்துவின் மூலமாக என்ற முடிவு. எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

"இரக்கத்தை மறவாத தேவனே, உம்முடைய குமாரனுக்குத் தங்க இடமில்லாதபோது முன்னணையை அவருக்குப் படுக்கையாக்கினீர். இந்த இரவில் படுக்க இடமில்லாதவர்களுக்கு எங்கள் மூலமாக இடம் தாரும், அவர்களோடு நாங்களும் உம்முடைய சமாதானத்தைக் காணும்படி. எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாகக் கேட்கிறோம். ஆமென்."

மூன்றாவது உறுப்பில்தான் தவறு நேரும். ஒரு விண்ணப்பம் என்றால் ஒன்றுதான். நான்கைந்து சேர்ந்துவிட்டால் எதற்காக ஜெபித்தோம் என்பது ஆமென் சொல்லும்போதே மறந்திருக்கும். "எங்கள் மூலமாக" என்ற இரண்டு சொல்லையும் கவனியுங்கள். அவை இல்லாவிட்டால் வேலை முழுவதையும் தேவனிடம் தள்ளிவிட்டு எழுந்துபோய்விடுகிறோம்.

யாரிடம் ஜெபிக்கிறோம்

ஜெபத்தின் வழக்கமான போக்கு, பிதாவிடம், குமாரன் மூலமாக, பரிசுத்த ஆவியில். கிறிஸ்துவை நோக்கி நேரே ஜெபிப்பதும் புதிய ஏற்பாட்டிலேயே உண்டு. ஸ்தேவான் அப்படித்தான் ஜெபித்தான் (அப்போஸ்தலர் 7:59). பிறப்பின் காலத்தில் குழப்பம் வேறு இடத்தில் வருகிறது. 451 இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் அறிக்கையிட்டது, கிறிஸ்து மெய்யான தேவனும் மெய்யான மனிதனுமானவர் என்று. நம் ஜெபங்கள் பெரும்பாலும் இதில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஒரு பக்கம், குழந்தையைப் பார்த்து உருகுவதோடு நின்றுவிடும் ஜெபம். அந்தக் குழந்தை வளர்ந்தது, சிலுவையில் அறையப்பட்டது, எழுந்தது, இன்று நமக்காகப் பரிந்து பேசுகிறது என்ற நினைவே அதில் இருக்காது. சிமியோன் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே பட்டயத்தைப் பற்றிப் பேசினான் (2:35). மறுபக்கம், மிக உயரத்தில் இருக்கும் ஒருவருக்கு மனு எழுதுவதுபோன்ற ஜெபம். பசி, களைப்பு, பயம் எதுவும் அவருக்குத் தெரியாது என்பதுபோல ஒரு தொனி. எபிரெயர் 4:15-16 அதற்குப் பதில் சொல்கிறது: அவர் நம்மைப்போலச் சோதிக்கப்பட்டவர், ஆகையால் கிருபாசனத்தண்டையில் தைரியமாய்ச் சேரலாம். உங்கள் நோட்டில் எழுதிய வரிகளை வாரம் ஒரு முறை திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

மத்தேயுவின் பகுதிகளில்

வம்ச வரலாற்றைத் தாண்டிவிட்டு 1:18 இல் தொடங்குபவர்களே அதிகம். முதல் நான்கு நாட்களை அதற்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. தாமார், ராகாப், ரூத், பெயர் சொல்லாமல் "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்று நான்கு பெண்களை மத்தேயு அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார். எந்தக் குடும்பமும் வெளியில் சொல்ல விரும்பாத கதைகள் சில அங்கே உண்டு. ஜெபிக்கும் முறை: உங்கள் குடும்பத்தில் நினைவுக்கு எட்டின பெயர்களை நோட்டில் எழுதுங்கள், பேசப்படாத பெயர்கள் உட்பட. ஒவ்வொன்றையும் வாசித்து, நன்றி சொல்ல முடிந்த இடத்தில் நன்றி, முடியாத இடத்தில் "கர்த்தாவே, இரங்கும்". அவ்வளவே.

யோசேப்பு சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவனுக்கு நான்கு சொப்பனங்கள் (1:20, 2:13, 2:19, 2:22), ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு செயல். மரியாளைச் சேர்த்துக்கொள்கிறான், இரவோடிரவாகப் புறப்படுகிறான், திரும்பி வருகிறான், கலிலேயாவுக்கு விலகிப் போகிறான். வார்த்தை வராத நாளில் அவன் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பகுதியை வாசியுங்கள், ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள், இன்று இருட்டுவதற்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை எழுதுங்கள். "அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் அது காரியம் அல்ல. "பேசாமல் விட்ட அண்ணனைக் கூப்பிடுவேன்" என்பது காரியம்.

மத்தேயு 2:16-18 ஐப் பலர் பண்டிகை நாளில் வாசிக்கத் தயங்குகிறார்கள். திருச்சபை தயங்கவில்லை, மேற்கத்திய சபைகள் பல டிசம்பர் 28 ஐயே கொலையுண்ட குழந்தைகளின் நினைவு நாளாக வைத்திருக்கின்றன. ராகேல் ஆறுதலடையாமல் அழுகிறாள் என்று எரேமியாவின் வார்த்தையைச் சொல்லிவிட்டு மத்தேயு நிறுத்திக்கொள்கிறார், ஆறுதல் வசனம் எதையும் சேர்க்கவில்லை. உங்கள் ஜெபமும் அங்கேயே நிற்கட்டும். குழந்தையை இழந்தவர்கள், நாட்டைவிட்டு ஓடுகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று முடித்துவைக்கும் ஆசையை அடக்குங்கள்.

கதையில் இல்லாதவை

இரண்டு சுவிசேஷங்களையும் ஒரே படமாகக் கலந்து வைத்திருக்கிறோம். கழுதையும் மாடும் இந்தக் கதையில் எங்கும் இல்லை. இரண்டும் ஏசாயா 1:3 இலிருந்து வந்து நின்றுகொண்டவை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று; அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில் (2:11). சத்திரக்காரன் என்று ஓர் ஆள் கதையிலேயே கிடையாது. "சத்திரம்" என்று 2:7 இல் வரும் இடத்துக்கு லூக்கா எழுதிய சொல் கட்டலுமா. கடைசி இராப்போஜனத்துக்குக் கேட்டு வாங்கிய அறைக்கும் அவர் அதையே எழுதுகிறார் (22:11). நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோன சத்திரத்துக்கோ வேறு சொல் (10:34). ஆகவே அது ஒரு வீட்டின் விருந்தினர் அறையாகவும் இருந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் பலர் சொல்வது.

ஜெபத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கதவை அடைத்த கல்நெஞ்சக்காரன் ஒருவனை நாமே உண்டாக்கிக்கொண்டால், "நான் அவனைப்போல இல்லை" என்று ஜெபிப்பது மிகச் சுலபம். பரிசேயன் ஜெபம் அப்படித்தான் தொடங்கியது. கற்பனையில் காட்சியைப் பார்த்து ஜெபிப்பது நல்ல பயிற்சிதான், இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா பிறப்பின் காட்சியை அப்படி ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மரியாள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், குளிரா, என்ன சத்தம் கேட்கிறது என்று பார்க்கலாம். வசனம் சொல்லாததை மேலே கட்டி, அதன்மேல் உபதேசம் எழுப்பாதவரை ஆபத்தில்லை.

எங்கே தடுமாறும்

நாள் விட்டுப்போவது. மூன்று நாள் விட்டுப்போனால் நான்காம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கப் பார்ப்போம். ஐந்தாம் நாள் மொத்தமும் நின்றுபோகும். விட்டது விட்டதுதான். அன்றைய தேதிக்கு எந்தப் பகுதியோ அதில் உட்காருங்கள்.

தேவனுக்குத் தகவல் சொல்வது. "கர்த்தாவே, நீர் பெத்லகேமிலே அகுஸ்துராயனுடைய நாட்களிலே பிறந்தீர், அங்கே மேய்ப்பர்கள் இருந்தார்கள்" என்று கதை முழுவதையும் அவருக்கே திரும்பச் சொல்வது. கூட்டத்தில் ஜெபிக்கும்போது இது அதிகம், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிரசங்கம் பண்ண ஆசை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மத்தேயு 6:7-8 இதற்கென்றே சொன்னது போலிருக்கும்.

உணர்ச்சி வரவில்லையே என்ற கவலை. லூக்காவில் மரியாள் பிறப்பின் இரவில் பாடவில்லை. மேய்ப்பர்கள் வந்து சொன்னதைக் கேட்டு எல்லாரும் ஆச்சரியப்பட்டபோது, அவள் "அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்" (2:19). வைத்திருப்பதும் ஜெபம்தான்.

தூக்கம். படுக்கையில் உட்கார்ந்து ஜெபித்தால் வரத்தான் செய்யும். எழுந்து நின்று வாசியுங்கள்.

வீட்டாரோடு சேர்ந்து

சிறுவர்கள் இருக்கும் வீட்டில் ஏழு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒருவர் நான்கைந்து வசனம் வாசிக்கட்டும். "இதில் யார் பயந்தார்கள்? யார் சந்தோஷப்பட்டார்கள்?" என்று இரண்டே கேள்வி. பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம். மூத்தவர்களுக்கும் அதே ஒரு வாக்கியம்தான். பெரியவர் பத்து நிமிடம் ஜெபித்தால் அடுத்த நாள் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் நிறைய இருக்கும். ஜெபிக்க மாட்டேன் என்கிற பிள்ளையை வற்புறுத்தாமல், லூக்கா 2:14 ஐ எல்லாருக்காகவும் வாசிக்கிற வேலையைக் கொடுங்கள்: "உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமையும், பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக."

ஜனவரி 5 அன்று பகுதிகள் முடிந்தாலும் சிமியோனின் நான்கு வசனத்தை மட்டும் பிப்ரவரி 2 வரை இரவில் தொடருங்கள். லேவியராகமம் 12 இன் கணக்குப்படி, ஆண்பிள்ளை பெற்ற தாயின் சுத்திகரிப்புக்கு 40 நாள். டிசம்பர் 25 ஐயும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2, குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுவந்ததை நினைக்கும் நாளில் வந்து நிற்கிறது. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கென்று அதே அதிகாரம் வைத்த காணிக்கைதான் மரியாளும் யோசேப்பும் கொண்டுவந்த பறவைகள். அன்றிரவு நோட்டை எடுத்து டிசம்பர் 1 முதல் எழுதிய வரிகளை ஒரே அமர்வில் வாசியுங்கள். பதில் வந்தவற்றுக்கு எதிரே தேதி போடுங்கள். வராதவற்றை அடித்துவிட வேண்டாம். புதிய பக்கத்தில் மேலே ஆலயத்தைவிட்டு நீங்காத அந்த 84 வயது அன்னாளின் பெயரை எழுதி, அதன்கீழ் அவற்றைத் திரும்ப எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.